நிலம் யாருடையது, குடியிருப்பது யார்: பாலிகஞ்சின் பஸ்திகளும் மலிவு வீட்டுத் திட்டங்களும்

ஏழைகள் பல தலைமுறைகளாக வாழும் பழைய குடியிருப்பு ஒன்றை, அங்கிருப்போர் அங்கேயே தங்கும்படி மேம்படுத்த முடியுமா என்ற கேள்வி, நகர நிர்வாகங்கள் சாக்கடையும் சாலையும் அமைக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. சாலை அகன்று, குடிநீரும் தெருவிளக்கும் வந்துவிட்டால் அந்த இடத்தின் விலை ஏறும். விலை ஏறினால், யாருக்காக அவையெல்லாம் செய்யப்பட்டனவோ அவர்களாலேயே அங்கு வாடகை கொடுத்து இருக்க முடியாமல் போகும். அமெரிக்க நகரங்களின் பழைய கறுப்பர் குடியிருப்புகளைப் பற்றிய விவாதத்தில் இந்த முரண் மிகக் கூர்மையாக வெளிப்பட்டது. பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்டில் 1950களின் பிற்பாதியில் தொடங்கிய இடிப்பில் ஏறக்குறைய 8,000 பேர் வெளியேற்றப்பட்டு, அவர்கள் இருந்த இடத்தில் ஓர் உள்ளரங்கம் எழுந்தது. 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் நிதியால் நாடெங்கும் நடந்த இத்தகைய 'நகரப் புதுப்பித்தல்', கறுப்பர்களை அகற்றுவதற்கு இடப்பட்ட மறுபெயரே என்று எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1963இல் சாடினார்.

கொல்கத்தாவில் நிறத்தின் இடத்தைச் சாதியும் மதமும் நாட்டுப் பிரிவினையும் பிடித்துக்கொண்டன. தென் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதி இக்கேள்வியை ஆராய ஏற்ற களம். வசதியான நடுத்தர வர்க்கத்தின் இருப்பிடம் என்று பெயரெடுத்த அந்தப் பகுதியின் ஓரங்களிலும் இடுக்குகளிலும், அதற்கு உழைப்பைத் தரும் மக்களின் பஸ்திகள், அதாவது குடிசைத் தொகுதிகள், நெடுங்காலமாக இருந்துவருகின்றன.

பாலிகஞ்ச் உருவான விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியரின் தோட்டவீடுகள் சிதறிக் கிடந்த புறநகரான பாலிகஞ்சுக்கு 1862இல் ரயில் வந்தது. அதை நகரமாக்கியது கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து மறு ஆண்டு வேலையைத் தொடங்கிய அந்த அமைப்பு, தெற்கே ராஷ்பிஹாரி அவென்யூ, சதர்ன் அவென்யூ போன்ற அகன்ற சாலைகளை அமைத்தது. 1920களில் தாகுரியா ஏரியையும் வெட்டியது. புதிய மனைகளில் வழக்கறிஞர், மருத்துவர், பேராசிரியர் முதலான வங்காளிக் குடும்பங்கள் வீடு கட்டின. அதே ராஷ்பிஹாரி அவென்யூவின் லேக் மார்க்கெட் பக்கத்தில், உத்தியோகத்துக்காக வந்த தமிழர்கள் வாடகை வீடுகளில் குடியமர்ந்து ஒரு சிறு தென்னிந்தியப் பேட்டையையே உண்டாக்கினார்கள்.

இந்த வீடுகளுக்கு வேலைக்காரர், சலவைக்காரர், ரிக்‌ஷாக்காரர், கொத்தனார் தேவைப்பட்டனர். மேம்பாட்டு அறக்கட்டளையின் சாலைகளுக்காக இடிக்கப்பட்ட குடிசைகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு அந்தக் காலத் திட்டங்களில் தெளிவான விடை குறைவு. அடுத்த காலி நிலத்துக்கு, பெரும்பாலும் கிழக்கே கஸ்பா, தில்ஜலா பக்கம் நகர்ந்திருப்பார்கள் என்று கருத இடமுண்டு. 1946 முதல் 1950 வரை நடந்த கலவரங்களை அடுத்து நகரின் பல மூலைகளிலிருந்த முஸ்லிம்கள் பாதுகாப்புத் தேடி பார்க் சர்க்கஸ், தில்ஜலா, டோப்சியா பகுதிகளில் நெருங்கிக் குடியேறினர். பிரிவினையின் பின்விளைவுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜோயா சாட்டர்ஜி இந்த ஒடுங்கலை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 1964ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துக் கொல்கத்தாவைச் சமூக நோக்கில் ஆராய்ந்த மானுடவியலாளர் நிர்மல் குமார் போஸ், நகர வாழ்க்கை சாதி, மொழி, மதப் பிரிவுகளைக் கரைத்துவிடவில்லை, அவற்றைத் தெருவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று காட்டினார். கரியாஹாட் பக்கத்து நடுத்தர வர்க்கத் தெருக்களையும் பார்க் சர்க்கஸ் பக்கத்து முஸ்லிம் சந்துகளையும் ஒரே பெயரில் அடக்கியிருக்கும் இன்றைய பாலிகஞ்ச் சட்டமன்றத் தொகுதி, அந்தத் தெருவாரிப் பிரிப்பின் வரைபடமாகவே தோன்றுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் வாழ்ந்த சுமார் 45 இலட்சம் பேரில் ஏறக்குறைய 14 இலட்சம் பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தனர். ஆகவே பஸ்தி என்பதை நகரத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு விதிவிலக்காகக் கருதிச் செய்யப்படும் எந்தத் திட்டமும் கணக்கிலேயே பிழைபட்டது.

இடித்து அகற்றும் நிலைப்பாடு

முதலாவதும் மிகப் பழையதுமான விடை, குடிசைகளை இடித்து மக்களை வேறிடத்தில் குடியேற்றுவது. சுகாதாரக் கேட்டின் ஊற்று பஸ்தியே என்று நம்பிய காலனி ஆட்சிக்காலப் பொறியாளர்களிடமிருந்து வந்த இந்த எண்ணம், மேற்கு வங்கத்தில் 1958ஆம் ஆண்டின் குடிசை அகற்றல், மறுவாழ்வுச் சட்டமாக வடிவம் பெற்றது. அகற்றப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாற்று வீடு கட்ட அரசிடம் பணமும் நிலமும் இல்லாததால், அந்தச் சட்டத்தால் நடந்தது சிறிதே.

ஆனால் அந்த எண்ணம் மறையவில்லை. 2000க்குப் பின் சுற்றுச்சூழல் என்ற புதிய நியாயத்தோடு திரும்பி வந்தது. ரவீந்திர சரோவர் என்று இப்போது அழைக்கப்படும் தாகுரியா ஏரியை ஒட்டி, பாலிகஞ்சிலிருந்து டாலிகஞ்ச் நோக்கிச் செல்லும் ரயில்பாதை ஓரத்தில் உள்ள கோவிந்தபூர் ரயில் காலனி, ஏரியை மாசுபடுத்துவதாகக் கூறி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, அகற்ற ஆணையும் வந்தது. குடியிருப்போர் எதிர்த்து நின்றதால் அதை நிறைவேற்ற முடியவில்லை. கால்வாய் ஓரங்கள் முதலிய இடங்களிலிருந்து அகற்றப்பட்ட பலர், கிழக்குப் புறவழிச்சாலையை ஒட்டிய நோனாடாங்காவில் 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகரப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட ஒற்றை அறை அடுக்குவீடுகளில் குடியேற்றப்பட்டனர். அந்த நோனாடாங்காவிலேயே, வீடு கிடைக்காமல் குடிசை போட்டிருந்தவர்கள் 2012 மார்ச்சில் மீண்டும் வெளியேற்றப்பட்டனர்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வீட்டின் தரத்தைவிடத் தொலைவில்தான் அதிகம் வெளிப்படுகிறது. கானிங், லக்ஷ்மிகாந்தபூர் தடங்களின் விடியற்கால ரயில்களில் பாலிகஞ்ச் நிலையத்துக்கு வந்திறங்கும் வீட்டுவேலைப் பெண்களின் கூட்டம், நகருக்குள் இருக்க இடமில்லாதவர்கள் வேலைக்காக நாள்தோறும் செலுத்தும் விலையைக் காட்டுகிறது. பஸ்தியில் இருக்கும் பெண் காலையில் மூன்று வீடுகளில் வேலை பார்த்துவிட்டு, நடுப்பகலில் தன் குழந்தைக்குச் சோறு போட வீடு திரும்ப முடியும். சென்னையின் குடிசைகளிலிருந்து தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களின் வாழ்வை ஆராய்ந்தவர்களும் வேலை இழப்பு, பள்ளி இடைநிற்றல், பேருந்துச் செலவு என்று இதே குறைகளையே திரும்பத் திரும்பக் கண்டனர். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டுவதுதான் அதன் அடையாளமாக இருந்தது என்பதை நினைத்தால், 2000க்குப் பிந்தைய தொலைதூரக் குடியேற்றங்களை வளர்ச்சி என்று கொள்வது கடினம்.

இருக்குமிடத்தில் மேம்படுத்தும் நிலைப்பாடு

இரண்டாவது விடை கொல்கத்தாவிலேயே பேரளவில் சோதிக்கப்பட்டது. நகர ஆய்வுலகில் அந்நகருக்கு ஓர் இடத்தையும் பெற்றுத் தந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு கொல்கத்தா மாநகரத் திட்டமிடல் அமைப்பு தயாரித்து 1966இல் வெளியான அடிப்படை வளர்ச்சித் திட்டம், பஸ்திகளை ஒழிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது, எனவே அவற்றை வாழத்தக்கனவாக ஆக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. 1970இல் உருவான மாநகர வளர்ச்சி ஆணையம் அதைச் செயல்படுத்தியது. இருபத்தைந்து பேருக்கு ஒரு கழிப்பறை, நூறு பேருக்கு ஒரு குடிநீர்க் குழாய், கல் பாவிய சந்து, மூடிய வடிகால், தெருவிளக்கு என்ற அளவுகோல்களோடு பஸ்தி மேம்பாட்டுத் திட்டம் இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. வீட்டை மக்களே கட்டிக்கொள்வார்கள், அரசு வசதிகளை மட்டும் தரட்டும் என்று 1970களில் வாதிட்ட கட்டடக்கலைஞர் ஜான் டர்னரின் கருத்தும் உலக வங்கியின் நிதியும் இந்தப் போக்குக்கு வலுவூட்டின.

இதன் குறை இரண்டு வகைப்படும். வசதிகளைப் பராமரிக்கும் பொறுப்பு மாநகராட்சிக்கும் ஆணையத்துக்கும் இடையே தடுமாறியதால், போடப்பட்ட குழாய்களும் கழிப்பறைகளும் சில ஆண்டுகளில் பழுதடைந்தன என்பது ஒன்று. குடிசையின் உள்ளே எதுவும் மாறவில்லை என்பது மற்றொன்று. பத்துக்குப் பத்து அறையில் ஆறேழு பேர் உறங்கும் நெரிசலைச் சந்துக்குக் கல் பாவுவது தீர்க்காது. ஆயினும், பெரும் இடப்பெயர்ச்சி இல்லாமல் காலரா நகரம் என்ற அவப்பெயரை மெல்ல நீக்கிய திட்டம் என்ற பெருமையை அதனிடமிருந்து பறிக்க முடியாது. விலையேற்றம் மக்களைத் துரத்தும் என்ற பொது விதி இங்கே ஏன் பெருமளவில் செயல்படவில்லை என்பதற்கான காரணத்தைத் திட்டத்துக்கு வெளியே, நிலச் சட்டத்தில் தேட வேண்டியிருக்கிறது.

டிக்கா: மூன்றடுக்கு உரிமை

கொல்கத்தாவின் பழைய பஸ்திகளில் நிலம் ஒருவருடையது, அதன்மேல் உள்ள குடிசை இன்னொருவருடையது, அதில் வசிப்பவர் மூன்றாமவர். நிலக்கிழாரிடம் மனையை வாடகைக்கு எடுத்துக் குடிசைகளைக் கட்டியவர் டிக்கா குத்தகைதாரர். அவரிடம் அறையை வாடகைக்கு எடுத்தவர் வங்காளத்தில் 'பாராட்டியா' எனப்படும் வாடகைக்காரர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் டிக்கா குத்தகைதாரரை வெளியேற்றத்திலிருந்து ஓரளவு காத்தது. இடது முன்னணி அரசு 1981இல் கொண்டுவந்த சட்டமோ இன்னும் ஒரு பெரும் அடி எடுத்து வைத்து, நிலக்கிழாரை நீக்கிவிட்டு நிலத்தை அரசுடைமையாக்கியது. டிக்கா குத்தகைதாரர் அரசின் நேரடிக் குத்தகைதாரர் ஆனார். அவர் தம் உரிமையை வாரிசுகளுக்கும் கூட்டுரிமையாளருக்கும் அளிக்கலாமே தவிர வெளியாருக்கு விற்கக் கூடாது. வாடகைக்காரருக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. 2001இல் இயற்றப்பட்ட சட்டம் இந்த அமைப்பைத் தொடர்ந்தது.

விற்க முடியாத நிலத்தின் விலை ஏறினாலும் அதைக் கைமாற்றிப் பணமாக்க வழியில்லை. கரியாஹாட் சந்திப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், நகரின் மிக விலை உயர்ந்த மனைகளுக்கு நடுவே, ஓட்டுக் கூரை பஸ்திகள் நிலைத்ததற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம் என்று கருதலாம். மலிவு வீட்டுத் திட்டம் என்ற பெயரைப் பெறாமலே, நாற்பதாண்டுகளாக நடுநகரில் மலிவான இருப்பிடத்தைக் காத்து நின்றது டிக்கா ஏற்பாடு. திட்டம் என்ற பெயரில் கட்டப்பட்ட வீடுகளைவிட இதனால் பயன்பெற்றவர்களே அதிகமாக இருக்கக்கூடும்.

அதற்கான விலையும் சிறிதன்று. விற்கவும் அடகு வைக்கவும் முடியாத இடத்தில் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. முறையான கட்டட அனுமதியும் எளிதில் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் 'புரமோட்டர்' எனப்படும் கட்டுமானத் தரகர் நுழைந்தார். டிக்கா குத்தகைதாரருடன் அவர் செய்துகொண்ட எழுதப்படாத உடன்படிக்கைகளால், தில்ஜலா, டோப்சியா பகுதிகளின் சந்துகளில் ஐந்தாறு மாடிக் கட்டடங்கள் விதிமீறி எழுந்தன. நகரின் மேற்கிலுள்ள கார்டன் ரீச் பகுதியில் 2024 மார்ச்சில் கட்டுமானத்திலிருந்த ஐந்து மாடிக் கட்டடம் அருகிலிருந்த குடிசைகளின்மேல் சரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தது, இந்த நிழல் வீட்டுச்சந்தையின் ஆபத்தை நாடறியச் செய்தது.

பட்டா வழங்கும் நிலைப்பாடு

நிலத்துக்கு முழு உரிமை கொடுத்துவிட்டால் ஏழைகள் அதைக் கொண்டே முன்னேறுவார்கள் என்று பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000இல் வாதிட்டு உலகப் புகழ் பெற்றார். இந்த விடையைச் சோதிக்க பாலிகஞ்சுக்குச் சற்றுத் தெற்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் ஜாதவ்பூர், டாலிகஞ்ச் பகுதிகளில் காலி நிலங்களைக் கைப்பற்றி பிஜய்கர் முதலிய காலனிகளை அமைத்தனர். 1951ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய அவர்களின் காலனிகள் படிப்படியாக அங்கீகாரம் பெற்று, 1980களின் பிற்பகுதியிலிருந்து முழு உரிமைப் பத்திரங்களும் வழங்கப்பட்டன. இன்று அவை நடுத்தர வர்க்கக் குடியிருப்புகள். பல மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

பட்டா பயன் தந்தது என்பதை இது காட்டுகிறது. ஆனால் அந்த அகதிகளில் பலர் படிப்பும் சாதி மேன்மையும் அரசியல் அமைப்பும் உடையவர்கள். பெரும்பாலும் பின்னர் வந்த, தாழ்த்தப்பட்ட சாதியினரான நாமசூத்திர அகதிகளில் ஏராளமானோர் தொலைதூரத் தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டதும், அங்கிருந்து திரும்பி சுந்தரவனத்தின் மரிச்ஜாபி தீவில் குடியேறியவர்கள் 1979இல் வன்முறையால் அகற்றப்பட்டதும் சேர்த்துப் படிக்கப்பட வேண்டியவை. பட்டா யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானித்தது பட்டாவுக்கு முன்பே இருந்த சமூக நிலை.

மத்திய அரசின் திட்டமும் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் ஒரு பிரிவு, சொந்த மனை உடையவர் வீடு கட்ட ஒன்றரை இலட்சம் ரூபாய் தந்தது. பாராட்டியாவுக்கு மனை ஏது? இன்னொரு பிரிவு, குடிசை நிலத்தின் ஒரு பகுதியைத் தனியாருக்குக் கொடுத்து அந்த வருவாயில் குடிசைவாசிகளுக்கு வீடு கட்டச் சொன்னது. மும்பையில் 1990களின் நடுவிலிருந்து இம்முறை நடைமுறையில் உள்ளது. நிலவிலை வானளாவ உயர்ந்த இடங்களில் மட்டுமே கட்டுநர்கள் ஆர்வம் காட்டுகிறார்கள் என்பதும், குறிப்பிட்ட தேதிக்குப் பின் வந்தவர்கள் தகுதியிழக்கிறார்கள் என்பதும் அங்கே கண்ட பாடங்கள்.

மரபுக் காப்பு நிலைப்பாடு

பாலிகஞ்சைப் பற்றிய பொது விவாதத்தில் அண்மைக் காலத்தில் அதிகம் ஒலித்தது வேறொரு குரல். எழுத்தாளர் அமித் சௌத்ரி முன்னின்று 2015இல் தொடங்கிய இயக்கம், அரண்மனைகளையும் காலனி ஆட்சிக் கட்டடங்களையும் மட்டும் மரபுச் சின்னங்களாகக் கொள்ளும் வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கி, பெயர் தெரியாத கொத்தனார்கள் கட்டிய நடுத்தர வர்க்க வீடுகளையும் அவை சேர்ந்து உருவாக்கும் தெருவையும் காக்க வேண்டும் என்று கோரியது. சிவப்பு ஆக்சைடு தரை, பச்சை மரச் சட்டப் பலகணிகள், தெருவோரத் திண்ணையான 'ரோக்', வளைந்த பால்கனிகள் ஆகியவை ஹிந்துஸ்தான் பார்க் போன்ற தெருக்களில் ஒவ்வொன்றாக இடிபட்டு வந்தன. வாரிசுகளுக்கிடையே பாகம் பிரிக்க முடியாமை, பராமரிப்புச் செலவு, பழைய குடித்தனக்காரரின் அற்ப வாடகை ஆகியவற்றால் திணறும் உரிமையாளருக்கு, இரண்டு அடுக்குவீடும் கையில் கொஞ்சம் பணமும் தருவதாகச் சொல்லும் புரமோட்டர் மீட்பராகவே தெரிகிறார். எனவே பழைய வீட்டை இடிக்காமல் விட்டதால் பயன்படாமல் போன கட்டட உரிமையை வேறிடத்தில் பயன்படுத்த விற்க அனுமதிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அந்த இயக்கத்தினர் கேட்டது நியாயமே.

எனினும், பெயர் தெரியாத கொத்தனாரின் கைத்திறனைப் போற்றும் இந்த வாதம், அந்தக் கொத்தனார் எந்தப் பஸ்தியில் இருந்தார் என்று கேட்பதில்லை. மாநகராட்சியின் மரபுப் பட்டியலின் தரவரிசை தனித்தனிக் கட்டடங்களையே அளக்கிறது. ஒரு சந்தின் வாழ்க்கையை அளக்க அதனிடம் கோல் இல்லை. மேலும், மரபு என்று பெயர் சூட்டப்பட்ட தெருக்களுக்குக் காப்பிக்கடைகளும் விருந்தினர் விடுதிகளும் வந்து சேருவது உலகெங்கும் கண்ட நிகழ்வு. லண்டனின் தொழிலாளர் தெருக்களில் வசதி படைத்தோர் நுழைந்து பழையவர்களை மெல்ல வெளியேற்றியதை 1964இல் ரூத் கிளாஸ் விவரித்தபோது, அங்கே கட்டடங்கள் இடிபடவில்லை, பழுதுபார்க்கப்பட்டன.

நிலத்தைச் சந்தையிலிருந்து விலக்கும் நிலைப்பாடு

கடைசி விடை அமெரிக்கக் கறுப்பர்களின் குடிமை உரிமைப் போராட்டத்திலிருந்து வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் சார்லஸ் ஷெராட் முதலியோர் 1969இல் அமைத்த 'நியூ கம்யூனிட்டீஸ்', நிலம் என்றென்றும் சமூகத்தின் அறக்கட்டளையிடம் இருக்க, குடும்பங்கள் நீண்டகாலக் குத்தகையில் அதை அனுபவிக்கும் முறையை அமெரிக்காவில் தொடங்கி வைத்தது. அதன் முன்னோடிகள் ஊக்கம் பெற்ற முன்மாதிரிகளில் ஒன்று, கிராம நிலத்தை ஊர்ப் பொதுவாக்கும் வினோபா பாவேயின் கிராமதான இயக்கம். அந்த முதல் முயற்சி கடன் சுமையால் 1985இல் தன் நிலத்தை இழந்தபோதிலும், பாஸ்டன் நகரின் டட்லி தெருவில் குடியிருப்போர் அமைப்பு 1988இல் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே மாநகராட்சியிடமிருந்து பெற்று, அதே முறையை நகரத்தில் நிறுவியது. வீடு விற்கப்படலாம், ஆனால் நிலத்தின் விலையேற்றம் விற்பவர் கைக்கு முழுதும் போகாது என்பதே அதன் உட்கரு.

டிக்கா நிலம் இந்த ஏற்பாட்டுக்கு வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி நிற்கிறது. நிலம் பொதுவுடைமையாகிவிட்டது, விற்பனைத் தடையும் இருக்கிறது. இல்லாதது குடியிருப்போரின் சபை. பாஸ்டனில் நிலத்தைப் பற்றி முடிவெடுப்பவர்கள் அங்கே வசிப்போர், கொல்கத்தாவிலோ டிக்கா கட்டுப்பாட்டு அலுவலகமும் வார்டு அரசியலும். அமெரிக்க முறையின் வலுவின்மையையும் மறைக்கலாகாது: நிலத்தை முதலில் வாங்கப் பெரும்பணம் வேண்டும், அதனால் அத்தகைய அறக்கட்டளைகள் சிறிய தீவுகளாகவே நின்றுவிட்டன. மேற்கு வங்கம் அந்த முதற்செலவை 1981இலேயே சட்டத்தால் கடந்துவிட்டது.

தீராதவை

2019இல் டிக்கா சட்டம் திருத்தப்பட்டு, குத்தகைதாரர் நீண்டகாலக் குத்தகை பெற்று மாநகராட்சி விதிகளின்படி மாடி கட்ட வழி திறக்கப்பட்டது. இது நெரிசலையும் விதிமீறலையும் குறைக்கக்கூடும் என்பது ஒப்புக்கொள்ளத்தக்கது. ஆனால் மேலே ஆராயப்பட்ட ஒவ்வொரு நிலைப்பாடும் இடறிய இடம் மூன்றாவது அடுக்கான வாடகைக்காரர்தான். அமெரிக்கக் கறுப்பர் குடியிருப்புகளிலும் விலையேற்றத்தால் வீட்டுச் சொந்தக்காரர் ஓரளவு ஆதாயம் அடைந்தார், வாடகைக்காரர் வெளியேறினார். பஸ்திகளில் பெரும்பான்மையோர் பாராட்டியாக்களே. ஓட்டுக் கூரை வீடு நான்கு மாடியாகும்போது அவர்களுக்குப் பழைய வாடகையில் அறை கிடைக்குமா, கட்டி முடியும்வரை எங்கே இருப்பார்கள், வாய்மொழியாகவே பல தலைமுறை வாடகை கொடுத்துவந்தவர் தம் உரிமையை எதைக் காட்டி நிறுவுவார் என்பவற்றுக்குச் சட்டத்தின் எழுத்தைவிட நடைமுறையே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஐயம் சமூகப் பிரிவினை பற்றியது. முஸ்லிம் குடும்பத்துக்கு ஹிந்துஸ்தான் பார்க்கில் வாடகை வீடு கிடைப்பது அரிது என்ற நிலை நீடிக்கும்வரை, தில்ஜலாவிலிருந்து பெயர்க்கப்படும் ஒருவருக்கு நகரில் செல்லக்கூடிய இடங்கள் மிகச் சில. ஆகவே அங்கே இடம்பெயர்ச்சியின் சுமை பாலிகஞ்சின் மற்ற பஸ்திகளில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வீட்டுத் திட்டங்களின் மதிப்பீடுகள் கட்டிய வீடுகளையும் செலவழித்த தொகையையும் எண்ணுகின்றன. வீடு தேடி அலைந்து மறுக்கப்பட்டவர்களை எண்ணும் வழக்கம் இன்னும் அவற்றில் இடம்பெறவில்லை.